வலைக்கு ஒரே பக்கத்தில் நிற்க வைத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

அம்பாறை மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளைக் கலந்து நடத்திய கரப்பந்தாட்டப் போட்டி உங்கள் உழைப்பால்தான் நல்லபடி முடிந்தது.

முதல் நன்றி, கழக அணிகளைக் கலைத்துத் தரச் சம்மதித்த பயிற்றுவிப்பாளர்களுக்கு. ஊருக்கு ஓர் அணி என்று இறக்கியிருந்தால், போகிற புள்ளியெல்லாம் இனக் கணக்கில் ஏறியிருக்கும். அதனால்தான் ஆறு பேரில் இனத்துக்கு இருவர் என்று சீட்டுப் போட்டோம். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர்களுக்கு முதலில் தனியாகச் சீட்டுப் போடச் சொன்னதும் நீங்கள்தான். இல்லையென்றால் ஓர் அணியில் அடிக்க மூன்று பேர் இருப்பார்கள், தூக்கிக் கொடுக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

இரு மொழியும் தெரிந்த தம்பி தங்கைமாருக்கு எப்படி நன்றி சொல்வது! கலப்பு அணியில் பந்து பெரும்பாலும் இருவருக்கு நடுவில்தான் விழும். கூப்பிடுவது விளங்காமல் இருவரும் நின்றுவிடுவார்கள், அல்லது இருவரும் பாய்ந்து தலையை முட்டிக்கொள்வார்கள். எடுப்பவர் சிங்களத்தில் ‘மம’ என்பது, விலக வேண்டுமென்றால் தமிழில் ‘விடு’ என்பது: இந்த இரண்டு சொல்லை மட்டும், பந்தைத் தொடாமல், அரை மணி நேரம் பழக்கினீர்கள். அடுத்த நாள் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் யோசிக்காமலே ‘மம’ என்று கத்தினார்கள்.

மைதானம் போட்டவர்களே, 18க்கு 9 மீற்றர் களத்தை வடக்குத் தெற்காக வைத்ததால் மாலை வெயில் யார் கண்ணிலும் நேரே அடிக்கவில்லை. ஆனால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று குறுக்கே வீசி, சேர்வ் போடும் பந்தை வெளியே தள்ளும். அதனால் கடைசி செட்டில் 8 புள்ளியில் பக்கம் மாற்ற நடுவர்கள் ஒருமுறைகூட மறக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் விழுந்து எழும்பினால் கண் எரியும் என்று நாடா பதித்து, ஆணித் தலைகளை மண்ணுக்குள் இறக்கினீர்கள். நைலோன் கயிறு வெயிலில் தொய்யும் என்பதால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் வலையின் நடுவில் அளவுகோல் பிடித்தவரை எல்லோரும் பார்த்தோம்: ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர்.

சமைத்த அக்காமாருக்கும் தாத்தாமாருக்கும் (முஸ்லிம் அக்காமார்): சோறு, பருப்பு, கத்தரிக்காய் என்று மரக்கறி மட்டும் வைத்தது மிகச் சரியான முடிவு. தனிச் சட்டி வைத்திருந்தால் தனி வரிசை வந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஆட்டம் வைக்காமல் அட்டவணை போட்டவருக்கும் நன்றி.

தாதியரே, பிசகிய விரலை மைதானத்திலேயே இழுக்க விடாமல் ஐஸ் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு ஜீவனி (உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள்) பக்கெட் என்று கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

இரண்டு பந்தும் ஒரு சோடி முழங்கால் உறையும் மைதானத்தில் கிடந்தன. காவலாளி ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழு இளைஞர்கள்