சார்லட்டுக்கு வேறு வேலையே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டேயின் கடிதங்கள் "ஒருதலைக் காதலின் புலம்பல்" என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. கட்டுரையாளர் எத்தனை கடிதங்களைப் படித்தார் என்று நீங்களாவது கேட்டிருக்கலாம்.

பிரஸ்ஸல்ஸில் தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஹெகருக்குச் சார்லட் எழுதியவற்றில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. ஹெகர் கிழித்துப் போட்டவற்றைப் பொறுக்கித் தைத்து வைத்தவர் அவருடைய மனைவி. ஒன்றின் ஓரத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் முகவரியை ஹெகர் கிறுக்கி வைத்திருக்கிறார்! தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதியவையோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும்.

பதிப்பாளர்களுக்கு எழுதியவையும் படவில்லை. 1846-ல் சகோதரிகள் மூவரின் கவிதைகளைச் சொந்தக் காசில் அச்சிட, தாள் எப்படி, எழுத்து என்ன அளவு என்று கறாராக விசாரித்து எழுதியவர் அவர். 31 பவுண்டு 10 ஷில்லிங் கட்டியும் விற்றது இரண்டே பிரதி. 'ஷெர்லி' நாவலுக்கு வந்த மதிப்புரை, எழுதியது பெண் என்பதையே பிடித்துக்கொண்டு தொங்கியபோது, மதிப்புரையாளர் லூயிஸுக்கு 1850-ல் எழுதினார்: "எதிரிகளிடம் நான் எச்சரிக்கையாக இருந்துகொள்வேன், நண்பர்களிடமிருந்து கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்!" இதுவா புலம்பல்?

நானும் கவிதை போட்டவள்தான். கட்டுகள் இன்றும் பரண்மேல் கிடக்கின்றன. விற்பனைக் கணக்குக் கேட்டு ஒரு பதிப்பகத்துக்கு எட்டுக் கடிதங்கள் எழுதினேன். ஒன்பதாவதற்குத்தான் பதில் வந்தது: "அம்மா, கோபப்படாதீர்கள்." கணக்கைக் காணோம்.

1854-ல் சார்லட்டுக்கு மணமான சில மாதங்களில், எலனுக்கு அவர் எழுதும் கடிதங்கள் தீக்குச்சி போல ஆபத்தானவை, அவற்றை எலன் எரித்துவிட வேண்டும் என்றார் கணவர் நிக்கல்ஸ். எலன் எரிக்கவில்லை. நான் எரித்தேன். 1979-ல், புகுந்த வீட்டு வெந்நீர் அடுப்பில், என் தோழி எழுதிய இன்லண்ட் கடிதங்கள் அத்தனையையும். யாரும் மிரட்டவில்லை. "இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். நீலத்தாள் கறுத்துச் சுருண்டபோதும் அவளுடைய கையெழுத்து கொஞ்ச நேரம் தெரிந்தது. எலனுக்கு இருந்த பிடிவாதம் எனக்கு இல்லாமல் போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய திருத்தத்தை நீங்கள் வெளியிடவில்லை. அதைக் கிளறவில்லை. இப்போதைக்கு ஒன்று மட்டும். சகோதரிகள் மூவரையும் தம்பி பிரான்வெல் தீட்டிய ஓவியத்தில் நடுவில் இருப்பவரைச் சார்லட் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் தங்கை எமிலி. சார்லட் நம் பார்வைக்கு வலது ஓரத்தில் இருக்கிறார். அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலன் பக்கத்து ஓரமும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்