ஆய்வு எப்படி நடந்தது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பொம்மைகளைப் பற்றி ஒரு நுகர்வோர் அமைப்பு செய்த ஆய்வு சென்ற வாரம் உங்கள் நாளிதழில் செய்தியாக வந்திருந்தது. நல்ல விஷயம். ஆனால் ஆய்வுக்கு நான்கே வரி. தயாரிப்பாளர்களின் மறுப்புக்கு ஒரு பத்தி. “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று ஓர் அதிகாரி சொன்னதற்கு இன்னொரு பத்தி. எத்தனை பொம்மை வாங்கினார்கள், எப்படிச் சோதித்தார்கள், செலவு யாருடையது, ஒன்றையும் காணோம். படிக்கிறவர் என்ன செய்வார்? அவர் அப்படிச் சொல்கிறார், இவர் இப்படிச் சொல்கிறார், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

நான் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் “முறைகேடு நடந்திருக்கிறது” என்று மொட்டையாக எழுதினால் எவரும் சட்டை செய்ய மாட்டார்கள். எந்தத் தேதி வவுச்சர், எந்த ரசீதோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதினால்தான் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

விட்டுப்போனதை நானே கொஞ்சம் தேடிப் படித்தேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. எது சிறு பாகம்? அதைப் பார்க்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். வாயின் அகலம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பாகம் சாய்வு, அதனால் ஆழம் ஒரு பக்கம் 25 மில்லிமீட்டர், மறுபக்கம் 57. அழுத்தாமல் போட்டு முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் அது குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. அந்த நாட்டில் 1970களின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்கள் கொடுத்த பணத்தில் பொதுநல ஆய்வுக் குழுக்கள் உருவாயின. 1980களிலிருந்து அவை ஆண்டுதோறும் பண்டிகை விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் பொம்மைகளைச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றன. அரசின் உருளை போதாது, கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கிற அட்டைக் குழாய் இன்னும் சற்று அகலம், அதில் போட்டுப் பாருங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். சிறு பாகம் உள்ள பொம்மையின் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்று 1994இல் சட்டம் வந்ததற்கு இப்படிப்பட்ட அமைப்புகள் விடாமல் கேட்டதும் ஒரு காரணம்.

சரி, நாமும் பார்ப்போமே என்று அட்டையைச் சுருட்டி 32 மில்லிமீட்டரில் ஒரு குழாய் ஒட்டினேன். பேத்தியின் பொம்மைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். ரயில் வண்டியின் சக்கரம் லேசாக இழுத்ததுமே கழன்று வந்தது. குழாயில் போட்டேன், சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. கரடியின் கண் அப்படி வரவில்லை, நன்றாகத் தைத்திருந்தார்கள். பத்து நிமிட வேலை. உங்கள் செய்தியில் இந்தக் குழாயைப் பற்றி இரண்டே வரி சேர்த்திருந்தால், படித்த ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சோதனை நடந்திருக்கும்.

இதைவிடப் பெரிய கதை கார்ப் புகை. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஓடுகிறோம் என்று தெரிந்தால் புகையைக் குறைத்துக்கொள்ளும், சாலைக்கு வந்தால் பழையபடி கக்கும். அப்படி ஒரு மென்பொருள். இதற்கு முதல் நூல் பிடித்தது அரசு இல்லை. தூய போக்குவரத்துக்கான ஒரு லாப நோக்கற்ற அமைப்பு பணம் கொடுக்க, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் புகையை அளக்கும் கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். குழுவில் இந்தியாவிலிருந்து படிக்கப் போனவர்களும் இருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. சோதித்தது மூன்றே கார்கள். அமெரிக்காவில் டீசல் கார்கள் சுத்தமாகத்தான் ஓடுகின்றன, ஐரோப்பாவும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று காட்டத்தான் அந்த அமைப்பு இதைத் தொடங்கியது. வந்த விடையோ நேர் எதிர். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப் புகை அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு. நினைத்தது வரவில்லையே என்று அறிக்கையை மூடி வைக்காமல் 2014இல் வெளியிட்டார்கள். தணிக்கைக்காரனாக நான் மதிப்பது அதைத்தான்.

நம் நாட்டிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று எழுதிய மஸ்டர் ரோலை வாங்கி ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்ததை அந்த ஊர் மக்களே அங்கேயே எழுந்து சொன்னார்கள். வவுச்சரைச் சரிபார்க்க அதைவிடச் சிறந்த ஆள் ஏது? அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

பொதுநலம் என்று பெயர் வைத்துக்கொண்டதாலேயே எல்லா ஆய்வும் யோக்கியமாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பாக்கெட் வாங்கிச் சோதித்துவிட்டு நாடே நஞ்சு என்று கூவுகிறவர்களும் உண்டு. அதனால்தான் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறேன். 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு விளம்பரம் கொடுத்தன. மக்களின் உடல்நலம்தான் எங்களுக்கு முக்கியம், ஆய்வு செய்யத் தனியாக ஒரு குழு அமைக்கிறோம் என்று. அப்புறம் பல பத்தாண்டுகள், சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்பது “இன்னும் நிரூபணமாகவில்லை” என்ற பாட்டுதான். இந்த நிறுவனங்கள் மக்களை ஏமாற்றியிருக்கின்றன என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஆண்டு 2006. அந்த விளம்பரமும் உங்களைப் போன்ற நாளிதழ்கள் வழியாகத்தான் வீடுகளுக்குள் போனது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி ஆய்வுச் செய்தி போடும்போது மாதிரிகளைக் கடையில் சாதாரண வாடிக்கையாளராக வாங்கினார்களா, நிறுவனமே அனுப்பி வைத்ததா, எத்தனை, பணம் யார் கொடுத்தது என்று செய்தியின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டிவிடுங்கள். அதிகாரி சொன்ன “உரிய நடவடிக்கை” என்ன ஆயிற்று என்று ஆறு மாதம் கழித்து உங்கள் நிருபரை ஒரு முறை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே போடுங்கள், அதுவும் செய்திதான்.

அந்தப் பொம்மை ஆய்வின் முழு அறிக்கை அலுவலகத்தில் கிடந்தால், எந்தெந்த வகைப் பொம்மை தேறவில்லை என்பதையாவது வரும் வாரம் வெளியிடுங்கள். ரயில் வண்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பேத்தி தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்