அண்ணாவுக்கு, அந்த 19ஆவது அட்டை பற்றி

அண்ணா,

நம் வகுப்புக் குறி அட்டைகள் அச்சுக்குப் போய்விட்டன. மொத்தம் 19. எண்ணைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

போன் பண்ணினால் எடுப்பதில்லை, ஆனால் நான் எழுதுவதை விடாமல் படிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நம்மிடம் ஏபிஎல் என்கிற, வார்த்தைக்குப் பதில் குறிகளாலேயே எழுதுகிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்த பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே கடைசி ஞாயிறு மாடியில் யார் யாரை என்ன சொன்னோம் என்பது இங்கே வராது. நீங்கள் கடலூரிலிருந்து பஸ் ஏறி முத்தியால்பேட்டைக்கு வருவதை நிறுத்தி இந்த வாரத்தோடு ஒரு வருஷம், அது மட்டும் போதும்.

18 குறி போதும் என்று நான் சொன்னதற்காக இன்றைக்கும் மன்னிப்பு கேட்க மாட்டேன். முதல் வகுப்பில் 42 குறிகளை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா, மூன்றாவது வாரம் பாதிப் பாய் காலி. ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைகள் அண்ணா. பள்ளிக்கூடத்தில் 3×2+1 என்றால் 7 என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு வருகிறவர்களிடம், இங்கே விடை 9, எந்தக் குறிக்கும் முன்னுரிமை கிடையாது, வலப்பக்கம் இருப்பதெல்லாம் முடிந்த பிறகுதான் இடப்பக்கம் என்று சொல்லிப் புரியவைக்கவே இரண்டு ஞாயிறு போய்விடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வேலை. ⍴ வலப்பக்கம் மட்டும் ஏதாவது இருந்தால் அதன் வடிவத்தைக் கேட்கும், இரண்டு பக்கமும் இருந்தால் வடிவத்தைக் கொடுக்கும். இதற்கு 'ஒரு கை', 'இரு கை' என்று நீங்கள் வைத்த பேரைத்தான் இன்னும் சொல்லிக்கொடுக்கிறேன், அதைவிட நல்ல பேர் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் மாதம் ஒரு குறிக்கு ஒரு வேலைதான் என்று நான் சொன்னபோது, 'பிள்ளைங்க கையை ஒண்ணு கட்டிப்போடறியேம்மா' என்றீர்கள். கட்டிப்போடவில்லை. ஒரு கை பழகட்டும், அடுத்த மாதம் மற்றது என்றேன். நீங்கள் அதற்குள் நாலு பேரிடம் நான் மொழியையே முடமாக்கிவிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

ஏபிஎல்லை உண்டாக்கிய ஐவர்சனைக் காட்டி என் வாயை அடைப்பீர்கள். அவர் இதைக் கம்ப்யூட்டருக்காகவா உண்டாக்கினார், ஹார்வர்டில் பாடம் நடத்தக் கரும்பலகையில் எழுதிய குறிகள் இவை, 1962இல் புத்தகமாக வந்து 1966இல்தான் ஐபிஎம் 360இல் ஓடியது, கரும்பலகையில் எழுத முடிந்ததை நம் பிள்ளைகளால் எழுத முடியாதா என்பீர்கள். ஹார்வர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்ட மேற்படிப்பு மாணவர்கள். அதுவும் போக, அதே மனுஷர் 1990இல் ரோஜர் ஹூயியோடு சேர்ந்து ஜே என்கிற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியைச் செய்தபோது தன் குறிகளையெல்லாம் விட்டுவிட்டு சாதாரண விசைப்பலகையில் இருக்கிற எழுத்துகளுக்குப் போனார். உண்டாக்கியவரே விடலாம், நான் விடக்கூடாதா? இதை அன்றைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, வீட்டுக்குப் போய்த்தான் தோன்றியது.

சரி. ஓர் அட்டை காணாமல் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் குறி எழுதி வைத்திருந்தோமே, அந்தப் பிஸ்கட் டப்பாவை நீங்கள்தான் திறந்தீர்கள். வழக்கம்போலப் புரட்டுகிற மூன்றையும் முதலில் வைத்தீர்கள். ⌽ நெட்டுக்கோடு, இடம் வலமாகப் புரளும். ⊖ படுக்கைக்கோடு, மேல் கீழாகப் புரளும். ⍉ சாய்ந்த கோடு, வரிசை நிரலாகும், நிரல் வரிசையாகும். வட்டத்துக்குள் கோடு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவீர்கள், பிள்ளைகளும் கையைத் திருப்புவார்கள். இன்றைக்கு நான் வகுப்பு எடுக்கும்போது என் கையும் அப்படித்தான் போகிறது.

அப்புறம் ⍋ அட்டையைத் தேடினீர்கள். டப்பாவில் இல்லை. எல்லா அட்டையையும் கொட்டி எண்ணினீர்கள். பாயைத் தூக்கிப் பார்த்தீர்கள். மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தீர்கள், உள்ளேயிருந்து பஸ் டிக்கெட்டும் பாதி சாப்பிட்ட கடலை மிட்டாயும் விழுந்தன. 'பஸ்ஸுல விட்டுட்டேன் போல' என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ராத்திரி நான்தான் அதை எடுத்துப் பேனா வைக்கிற டின்னுக்குள் போட்டிருந்தேன்.

அது ஏன் வேண்டாம் என்றால், வரிசைப்படுத்து என்று கேட்டால் வரிசைப்பட்ட எண்ணைத் தராமல் சின்னது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அதற்கு அடுத்தது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தருகிற குறி அது. புதிதாக வருகிறவர்களுக்கு அது குழப்பம், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து வகுப்பில் ஒரு பெண் தன் அம்மாவின் மீன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். வஞ்சிரம் 800, சங்கரா 400, மத்தி 150, நெத்திலி 250. விலை குறைவானதிலிருந்து எழுத வேண்டும். விலையை மட்டும் வரிசைப்படுத்தினால் மீன் பேரெல்லாம் பழைய இடத்திலேயே நிற்கிறது, மத்தியின் 150 வஞ்சிரத்துக்கு நேரே போய்விடுகிறது. 'அம்மா அடிப்பாங்கண்ணா' என்றாள்.

நீங்கள் சாக்பீஸை எடுத்து அந்தச் சிவப்புத் தரையில் ⍋ குறியைப் பெரிதாக வரைந்தீர்கள். உச்சி குறுகல், அடி அகலம், சின்னதிலிருந்து பெரிதுக்கு. அதன் பக்கத்தில் 3 4 2 1 என்று எழுதி, மூன்றாவது மீனைக் கூப்பிடு, நாலாவதைக் கூப்பிடு என்றீர்கள். மத்தி, நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் என்று அவள் வாசித்தபோது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நிமிஷத்திலாவது டின்னைக் கவிழ்த்து அட்டையைக் கொடுத்திருக்கலாம். வகுப்பு முடிந்து 'அட்டை எங்கேயாவது பார்த்தியாம்மா' என்று கேட்டீர்கள். தெரியலண்ணா என்றேன்.

தப்புதான். அட்டையை எடுத்ததைவிடத் தெரியலண்ணா என்று சொன்னதுதான் பெரிய தப்பு. அடுத்த வாரம் சிவப்புப் பேனா தேடியபோது டின்னுக்குள் அந்த அட்டை உங்கள் கையிலேயே கிடைத்ததும் என் முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கலாமே, அண்ணா. ஏன் எடுத்தாய் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு குறியைப் பற்றி 40 நிமிஷம் பேசுகிற மனுஷர், என்னிடம் அந்த ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வருஷமாக 14 பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் கோபம் இருக்கிறது.

மற்ற 18ஐ மாற்றவில்லை. மடக்கை, வட்டக்குறி, அணியை நேர்மாறாக்குகிற ⌹ எல்லாம் வெளியேதான். (⍳10)∘.×⍳10 உள்ளே இருக்கிறது, கடையில் விற்கிற வாய்ப்பாட்டில் பத்து வரைக்கும் உள்ளதெல்லாம் அந்த ஒரு வரியை எழுதியதும் வந்து நிற்பதைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதில் நமக்குள் சண்டையே வந்ததில்லை. ⍋ மட்டும் புதிதாகச் சேர்கிறது, ஆனால் முதல் மாதம் இல்லை, இரண்டாவது மாதம், மீன் நோட்டோடு. அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

அட்டையின் அடியில் தமிழ்ப் பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். 18க்கும் பிள்ளைகள் வைத்த பேர் ஏறிவிட்டது. ⍋க்கு ஒன்றும் எழுதவில்லை. அச்சகத்தில் வியாழக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.