கணினி கைமாறினால் லைசென்ஸும் கைமாறுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதனால் பழைய கணினியைக் கொடுத்துவிட நினைக்கும் அரிசி ஆலைக்காரரும் உரக்கடைக்காரரும் அச்சகத்தாரும் பெட்டிக்குத்தான் விலை பேசுகிறார்கள். உள்ளிருக்கும் மென்பொருளின் லைசென்ஸ், அதாவது அதைப் பயன்படுத்தும் உரிமை, வாங்குபவருக்குச் சேருமா என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தகராறு பிறகுதான் வருகிறது.

விண்டோஸ் லைசென்ஸின் வகையைக் கண்டுபிடிப்பது எளிது. கட்டளைகளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்டில் ஆங்கில எழுத்தில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ சேர்த்தால் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் என்பவற்றில் எது என்று திரையில் வந்துவிடும். ஓஇஎம் என்பது கணினியோடு தயாரிப்பாளரே ஏற்றித் தருவது, அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. கணினியோடு சேர்ந்து போகும், தனியே விற்க முடியாது. தனியே வாங்கிய ரீடெயிலை வேறு கணினிக்கு மாற்றலாம். அதற்குமுன் பழையதில் அதே கட்டளையில் டிஎல்ஐக்குப் பதில் யுபிகே சேர்த்து, கீயை (லைசென்ஸ் குறியீட்டை) நீக்கியாக வேண்டும். வால்யூம் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்தது, அதைப் பிரித்து விற்க அந்த நிறுவனத்துக்கே உரிமை கிடையாது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளில் இதைக் காணலாம். அதில் கேஎம்எஸ் வகை 180 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொடாவிட்டால் காலாவதியாகிவிடும். வாங்கிய அன்று ஓடியது ஆறு மாதத்தில் மக்கர் செய்வது இதனால்தான்.

கணக்கு மென்பொருளான டேலியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஃபார்மட் செய்யும் முன்பே, இணைய இணைப்போடு, எஃப்1 அழுத்தி செட்டிங்ஸ், லைசென்ஸ் வழியாகச் சரண்டர் செய்ய, அதாவது லைசென்ஸைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கணினியில்தான் லைசென்ஸ் இருப்பதாகக் கணக்கு காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பதிவு மின்னஞ்சல். நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அது முதலாளியுடையதாக இராது. எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்கருடையதாகவோ விற்ற டீலருடையதாகவோ இருக்கும். அந்த மின்னஞ்சலைத் திறக்க ஆளில்லையென்றால் பணம் கட்டி வாங்கியவரே வெளியே நிற்க வேண்டியதுதான். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இதை இன்றே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எம்பிராய்டரி மென்பொருள் சிலவற்றுக்கு கணினியில் செருகும் சிறு கருவியான யுஎஸ்பி டாங்கிள்தான் லைசென்ஸ். இயந்திரத்தை விற்றுவிட்டு டாங்கிளை மேசை இழுப்பறையில் மறந்தால் வாங்கியவரிடம் இருப்பது வெறும் இரும்பு. மாதச் சந்தாவில் ஓடும் மென்பொருளில் விற்பதற்கு எதுவும் இல்லை.

ஐரோப்பாவில் 2012 ஜூலை 3 அன்று பழைய லைசென்ஸ்களை விற்ற யூஸ்டுசாஃப்ட் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நிரந்தர லைசென்ஸைப் பதிவிறக்கி வாங்கியிருந்தாலும் மறுவிற்பனை செய்யலாம், விற்பவர் தன் பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஒருமுறை விற்ற மென்பொருள் பிரதியின் மறுவிற்பனையும் பதிப்புரிமையாளர் கையில்தான் என்ற சொற்கள் 1994-இல் நுழைந்தன. 1999 திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. ஆனால் மறுவிற்பனை செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதவில்லை. அந்த இடைவெளியைத்தான் நிறுவனங்கள் ‘கைமாற்றத்தக்கதல்ல’ என்ற ஒற்றை வரியால் நிரப்பிக்கொள்கின்றன. முழு விலை கொடுத்து வாங்கிய நிரந்தர லைசென்ஸை, தன் பிரதியை நீக்கிவிட்டு விற்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். டெல்டா மாவட்டங்களின் வணிகர் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கணினி விற்பனை, பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ளோர்,
கும்பகோணம்.