நெடுந்தீவுக்குத் தலைக்கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்துத் தீவுக்கூட்டமான தீவகம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நெடுந்தீவுக்கு ஒரே வரிதான் கிடைக்கிறது: "நிலம் பெரிது, சனம் கொஞ்சம்." வரியில் பிழை இல்லை. அந்த வரியை வைத்து, தலைக்கு இவ்வளவு என்று போடும் நிதி ஒதுக்கீட்டுக் கணக்கில்தான் பிழை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நெடுந்தீவுப் பிரதேசத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3,800. நிலப்பரப்பு 50 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு 80 பேர் வரும். அதே மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் இந்த எண் 570 அளவில் இருந்தது. ஏழில் ஒரு பங்கு சனம் என்றால் ஏழில் ஒரு பங்கு தேவை என்று மேசையில் இருப்பவருக்குத் தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்த 50 சதுர கிலோமீற்றரும் குடியிருக்கும் நிலமல்ல. ஜே/01 முதல் ஜே/06 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. வீடுகள் பெரும்பாலும் வடபாதியிலும் நடுவிலும் வீதியோரமாகக் கிடக்கின்றன. தெற்கும் தென்மேற்கும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வெளி. மழைக்குப் புல், வெயிலுக்குப் பொடி, அதில் குதிரைகள். 2015-ல் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 30 சதுர கிலோமீற்றர். அடர்த்தி 130-ஐத் தொடும். அப்போதும் மாவட்டச் சராசரியோடு ஒப்பிட இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் சனம் ஐதாக இருக்கும் இடத்தில் தலைக்குச் செலவு கூடும், குறையாது. பனைவளவும் கல்வேலியுமாக ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் நூறு மீற்றர் கிடந்தால், அந்த நூறு மீற்றர் குழாயும் கம்பியும் ஒரே வீட்டுக் கணக்கில்தான் விழும். யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் அதே நூறு மீற்றரைப் பத்து வீடு பங்கிட்டுக்கொள்ளும்.

தலைக்கணக்கே சரிதானா என்று பார்த்தால் அங்கும் ஓட்டை. 1981-க்குப் பின் 1991-ல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001-ல் நடந்தது வடக்கில் முழுமையாகவில்லை. ஆக 31 ஆண்டுகளுக்கு இந்தத் தீவுக்கு முறையான எண்ணே கிடையாது. எத்தனை பேர் எந்த ஆண்டில் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கோடு போட முடியாது. அந்தக் காலத்துக்கு 1981, 2012 என்ற இரண்டு புள்ளிகள்தான் இருக்கின்றன. இதற்குமேல் இன்னொன்று. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காக யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கும் குடும்பம், "வழமையான வதிவிடம்" என்ற கேள்விக்கு எந்த முகவரியைச் சொல்லும்? வாக்காளர் இடாப்பில் பெயர் தீவில், மதிப்பீட்டில் தலை பட்டினத்தில். மாசியிலோ பங்குனியிலோ அவர்கள் திரும்பி வந்து குடிக்கும் தண்ணீர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

தண்ணீர் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை நிலம் தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. இங்கே ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை முருகைக்கல் துவாரங்கள் வழியே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். உப்புநீர் கனம், நன்னீர் இலேசு. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே 40 அடி வரை நன்னீர் தங்கும். இந்த விகிதம் திரும்பியும் வேலை செய்யும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டர் போட்டு நீர்மட்டத்தை ஓர் அங்குலம் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அங்குலம் மேலே ஏறப் பார்க்கும். ஏறியது ஒரு மழையில் இறங்காது.

சித்திரை, வைகாசியில் கிணறு வற்றினால் கை தானாகவே அலவாங்கைத் தேடுகிறது. அடியை இன்னும் இரண்டு முழம் உடைத்தால் தண்ணீர் வரும். வருவது சவர், உப்புக் கரிக்கும் நீர். அந்தக் கிணறு அடுத்த மாரிக்கும் பழைய ருசிக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆழக் கிணறு ஒன்றைவிட, தள்ளித் தள்ளி வெட்டிய ஆழமில்லாத கிணறுகள் ஐந்து மேல். கப்பியும் வாளியும் சிறந்தது. மோட்டர்தான் வேண்டுமென்றால் சிறியது, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். வாரம் ஒருமுறை, இறைத்து முடித்த கையோடு, கைமீற்றரால் தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இந்த எண் கூடும்) அளந்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் எண் ஏறினால் அந்தக் கிணற்றுக்கு ஓய்வு. நாக்குக்குச் சவர் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளுக்குத் தீவு முழுக்கப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி எல்லாத் தண்ணீர் பவுசர்களையும் அங்கேயே அனுப்பினால் சாராப்பிட்டியும் சவராகும்.

உப்பு நீக்கும் இயந்திரம் வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும். ஆனால் சிறிய இயந்திரங்கள் உறிஞ்சும் நீரில் ஏறத்தாழ பாதியைச் செறிந்த உப்புநீராகக் கழிக்கும். அதை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு குழியில் விட்டால், கல்லின் துவாரம் வழியே அதே நன்னீர் வில்லைக்குள்தான் போய்ச் சேரும். கடல்வரை குழாய் இழுக்கும் செலவும் திட்டத்தின் முதல் நாளிலேயே மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

கூரைநீர் இதைவிட மலிவு. மூன்று மாதத்தில் 500 மில்லிமீற்றர் மட்டுமே பெய்ததாகக் குறைத்துப் போட்டாலும், 60 சதுர மீற்றர் கூரையில் 30,000 லீற்றர் விழும். ஐந்தில் ஒன்றைச் சேதாரமாகத் தள்ளினால் 24,000. நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர் என்றால், மாசி முதல் புரட்டாசி வரை 240 நாளுக்கு 9,600 லீற்றர். ஆக 10,000 லீற்றர் தாங்கி ஒன்று ஒரு குடும்பத்தைக் கோடை தாண்ட வைக்கும். 1,000 லீற்றர் தாங்கியைக் கொடுத்துப் படம் எடுத்தால் அது 25 நாளில் காலி. முதல் மழையில் கூரைக்கு ஒரு மில்லிமீற்றர், அதாவது 60 லீற்றர், கட்டாயம் வெளியே போக வேண்டும். உப்புத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான். தகரப் பீலி வேண்டாம், பிளாஸ்டிக் பீலி போடுங்கள். அதைத் தாங்கும் கொழுக்கியும் இரும்பாக இருக்கக்கூடாது. பீலி நல்லாயிருக்க, கொழுக்கி துருப்பிடித்துப் பீலி தொங்கும் வீடுகளே கூட.

அடுத்தது கடல். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வரைபடத்தில் அது சிறு இடைவெளி. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: யாழ்ப்பாணத்தில் கடையில் ஏற்ற வேண்டும், குறிகட்டுவானில் இறக்க வேண்டும், படகில் ஏற்ற வேண்டும், மாவிலித்துறையில் இறக்க வேண்டும், உழவு இயந்திரத்தில் ஏற்ற வேண்டும், வேலையிடத்தில் இறக்க வேண்டும். ஆறு தரம் தோள் மாறுகிறது. கடல் தாண்டாமல் கோண்டாவிலுக்குப் போகும் பை இரண்டு தரம்தான். ஒவ்வொரு தரமும் கூலி, ஒவ்வொரு தரமும் கிழிசல். உப்பு ஈரம் பட்ட பை ஓரத்திலிருந்து கட்டி பிடிக்கும். மணலும் சல்லியும் கம்பியும் இதே வழிதான். மாவட்டத்துக்கெல்லாம் ஒரே விலைப்பட்டியலில் மதிப்பீடு தயாரித்தால் ஒப்பந்தகாரர் எட்டிப் பார்க்க மாட்டார். பார்ப்பவர் சீமெந்தைக் குறைப்பார்.

நோயாளிக்கும் இதே கணக்கு. பகலில் படகு, பிறகு குறிகட்டுவானில் அம்புலன்ஸ், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி 30 கிலோமீற்றருக்கு மேல் வீதி. காற்று எழும்பிய இரவில் கடற்படைப் படகையோ உலங்குவானூர்தியையோ எதிர்பார்த்து இருக்க வேண்டும். 3,800 பேருக்கு எத்தனை வைத்தியர் என்று விகிதம் பார்ப்பதைவிட, இராத்திரி கடல் மூடினால் தீவில் எத்தனை வைத்தியர் நிற்கிறார் என்று பார்ப்பதே பொருந்தும்.

ஒருவரும் குடியிராத நிலமும் இந்தப் பிரதேசத்தில் உண்டு. கச்சதீவு, 285 ஏக்கர். நன்னீர் இல்லை, சனத்தொகை பூச்சியம். அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் அந்த இரண்டு நாளும் குடிதண்ணீர் முதல் மலசலகூடம் வரை எல்லாம் கடல் கடந்துதான் போக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்ற சூத்திரத்தில் பூச்சியத்தைப் பெருக்கினால் என்ன வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சொந்த வருமானத்தால் சமாளிக்கலாமே என்றால், பிரதேச சபைக்குச் சோலைவரியும் (வீடு, காணி மீதான வரி) முத்திரை வரியும் முக்கிய வழிகள். காணி கைமாறும் இடத்தில்தான் முத்திரை வரி வரும்; இங்கே கல்வேலிகள் கைமாறாமலே இடிகின்றன.

தலையை எண்ணாமல் தீவை எண்ணித் திட்டம் போட முடியாதா? போட்டிருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு, 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெருநிலத்து மின்கம்பி எட்டாத இடம் என்பதுதான் அங்கே அளவுகோல். அதே அளவுகோல் தண்ணீருக்கும் படகுக்கும் ஏன் பொருந்தாது?

பணம் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர வேண்டும். நிதியாண்டு தையில் தொடங்குகிறது. அனுமதி, கேள்விமனு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து காசு வைகாசியில் வந்தால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். பாரம் ஏற்றிய படகு ஓட முடியாது. சோளகம் ஓய்ந்தால் மாரி. மார்கழி முடிவில் "செலவிடப்படவில்லை" என்று பணம் திரும்பும். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்க அதுவே காரணமாகும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதம்தான் சீமெந்தும் தாங்கியும் கடக்கக்கூடிய கடல். தீவுக்கான வேலைகளின் கேள்விமனுவை முந்திய ஆண்டு கார்த்திகையிலேயே கோரி, தை மாதத்தில் பணத்தை விடுவிக்கும்படி மாவட்டச் செயலகத்தையும் மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுந்தீவு வாசகர்கள்