இப்ராஹிம் பாஷாவைக் கொன்றது அந்தப்புரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆட்டோமான் (துருக்கி) பேரரசின் தலைமை வசீர்களை, அதாவது சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்த முதன்மை அமைச்சர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயத்தை எடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த வசீர்கள் வீழ்ந்ததெல்லாம் அந்தப்புரப் பெண்களின் சூழ்ச்சியால்தான் என்று கட்டுரை முடிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுல்தான் சுலைமானின் தலைமை வசீர் இப்ராஹிம் பாஷா கொல்லப்பட்டதற்கு, சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் மீது எல்லாப் பழியையும் போட்டுவிடுவது பழைய வழக்கம். அது நியாயமில்லை.

சிக்கலின் வேர் 1453-இல் இருக்கிறது. கான்ஸ்டாண்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) பிடித்த கையோடு சுல்தான் இரண்டாம் மெஹ்மத், தலைமை வசீர் சந்தார்லி ஹலீல் பாஷாவைச் சிறையில் தள்ளி, சில வாரங்களில் கொன்றுவிட்டார். முற்றுகை வேண்டாம் என்று சொன்னவர் ஹலீல். சிறுவனாக அரியணையில் இருந்த மெஹ்மத்தை இறக்கிவிட்டு அவர் தந்தையைத் திரும்ப அழைத்து வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தப் பதவியில் இருந்த குடும்பம், அதனால் வந்த துணிச்சல். அதன் பிறகு சுல்தான்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த அடிமைகளையே அந்த இடத்தில் வைத்தார்கள். பால்கன் கிராமங்களில் கிறிஸ்தவச் சிறுவர்களைப் பிடித்து வந்து, மதம் மாற்றி, அரண்மனையில் படிக்க வைத்து ஆளாக்கும் தெவ்ஷிர்மே முறை இதற்குக் கைகொடுத்தது. இப்படி வந்தவருக்குப் பரம்பரை நிலம் கிடையாது, தாங்கிப் பிடிக்கப் பெரிய குடும்பமும் கிடையாது. கையில் இருப்பது சுல்தான் கொடுத்த முத்திரை ஒன்றுதான். அதைத் திருப்பி வாங்கிவிட்டால் எல்லாம் போயிற்று. கொல்லப்பட்டவரின் சொத்தும் கஜானாவுக்கே போகும்.

இப்ராஹிம் பாஷாவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். இன்றைய கிரேக்க நாட்டின் பர்கா ஊரிலிருந்து சிறுவயதில் அடிமையாக வந்தவர், இளவரசர் சுலைமானின் நண்பரானார். 1523-இல் அரண்மனைப் பணியிலிருந்து நேரே தலைமை வசீர். அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த அகமது பாஷா கொதித்துப்போய், எகிப்துக்கு ஆளுநராகப் போன இடத்தில் கலகம் செய்து உயிரை விட்டார். அடுத்த 13 ஆண்டுகள் இப்ராஹிம் வைத்ததே சட்டம். பாரசீகப் போரின்போது தன் பட்டத்தோடு 'சுல்தான்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். நிதிப் பொறுப்பில் இருந்த இஸ்கந்தர் செலபி 1535-இல் பாக்தாதில் தூக்கிலிடப்பட்டதும் இவர் தூண்டுதலால்தான். 1536 மார்ச்சில் ஓர் இரவு அரண்மனையில் தங்கியவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஹுர்ரமுக்கு அவரைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். சரி, ஆனால் இவ்வளவு பகையைச் சம்பாதித்த ஒருவரை வீழ்த்த ஹுர்ரம் எதற்கு?

தலைமை வசீர் எப்போதும் சுல்தானின் பிடியில்தான் இருந்தார் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இஸ்தான்புல்லில் சுல்தான்கள் வாழ்ந்த தோப்காப்பி அரண்மனையின் ஆலோசனை மண்டபத்தில், அவர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கம்பி வலையிட்ட ஒரு ஜன்னல் இன்றும் இருக்கிறது. சுல்தான் அதன் பின்னால் இருந்து கேட்கலாம்; அங்கே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்துதான் போர், வரி, நியமனம் எல்லாம் பேச வேண்டும்.

கட்டுரை அடியோடு விட்டுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1656-இல் வெனிஸ் கப்பற்படை, தலைநகருக்குக் கடல்வழியான டார்டனெல்ஸ் நீரிணையை அடைத்து நின்றது. தலைநகரில் படைவீரர்கள் கலகம். ஒரு வசீர் ஒரு நாள்கூடப் பதவியில் நீடிக்கவில்லை. அப்போது சிறுவனாக இருந்த நான்காம் மெஹ்மத்தின் தாய் துர்ஹான் சுல்தான், வயதான கொப்ருலு மெஹ்மத் பாஷாவைத் தலைமை வசீராக அழைத்தார். நியமனங்களில் யாரும் தலையிடக் கூடாது, தன்மேல் வரும் கோள்களுக்குக் காது கொடுக்கக் கூடாது என்று அவர் போட்ட நிபந்தனைகளை துர்ஹான் ஏற்றுக்கொண்டார். கொப்ருலு 1661-இல் பதவியில் இருந்தபடியே இயற்கையாக இறந்தார். அப்புறம் அவர் மகன் ஃபாசில் அகமது 15 ஆண்டுகள் அதே பதவியில் இருந்து, 1669-இல் கிரீட் தீவின் காண்டியாக் கோட்டையைப் பிடித்தார். பேரரசு அந்த நெருக்கடியிலிருந்து மீண்டு எழ வழி திறந்தது அந்தப்புரத்தில் இருந்த ஒரு பெண்தான்.

அதே கொப்ருலு வீட்டில் வளர்ந்த தலைமை வசீர் காரா முஸ்தபா பாஷா 1683-இல் வியன்னாவில் தோற்றார். டிசம்பர் 25 அன்று பெல்கிரேடில் சுல்தானின் ஆணைப்படி பட்டுக்கயிற்றால் கழுத்து நெரிக்கப்பட்டார். அவரை வீழ்த்தியது போர்க்களத் தோல்வி. அரண்மனையில் இருந்த எதிரிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். அடுத்து மிதாத் பாஷாவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். 1876 டிசம்பரில் பேரரசின் முதல் அரசியல் சட்டம் வரக் காரணமாக இருந்த தலைமை வசீர் அவர். இரண்டே மாதத்தில் நாடுகடத்தப்பட்டு, பிறகு திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் 1884-இல் தாயிஃப் சிறையில் கொல்லப்பட்டார். அவர் கதையில் அந்தப்புரம் எங்கும் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.