மீனாய் மாறுனா தப்பில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஒரு வாசகர் ஸ்பானிஷ் பாட்டுன்னாலே ஆபாசம்தான்னு எழுதியிருந்தாரு, அதுக்கு ஆதாரமா நம்ம மலேசிய அரசு ஒலிபரப்பு ஆர்டிஎம் 2017 ஜூலைல லூயிஸ் ஃபோன்சி பாடுன டெஸ்பாசிட்டோங்கற ஸ்பானிஷ் பாட்டை நிப்பாட்டுனதையும் சொல்லியிருந்தாரு. நிப்பாட்டுனது நிஜம்தான், தனியார் ரேடியோவுக்கு அந்தத் தடை இல்லைங்கறதையும் சேத்து சொல்லியிருக்கலாம்.

அந்தப் பாட்டுல நீ காந்தம் நான் உலோகம்னு வரும், சரி, அது எந்த ஊர்லயும் உள்ளதுதான். ஆனா கோரஸ்ல உன் புதிர்ப்பாதை செவுத்துல கையெழுத்து போடுறேன், உன் உடம்பையே ஒரு ஏடா ஆக்குறேன்னு பாடுறாரு பாருங்க, எனக்கும் அங்கதான் ஒட்டல. ஆபாசம்ங்கறதால இல்லைங்க, என்னமோ நிலத்தைக் கிரயம் பண்ணிட்டு பத்திரத்துல கையெழுத்து போடுற மாதிரி இருக்கு. இத்தனைக்கும் லூயிஸ் ஃபோன்சி கூட சேந்து அதை எழுதுனதுல பனாமாக்காரங்க எரிக்கா எண்டர்னு ஒரு பெண்ணும் உண்டு.

இப்ப கரீபியன்ல இருக்கற டொமினிக்கன் ரிபப்ளிக் நாட்டுப் பாடகர் ஹுவான் லூயிஸ் கெர்ராவுக்கு வாங்க. 1990ல வந்த பச்சாத்தா ரோசா ஆல்பத்துல புர்புஹாஸ் தே அமோர்னு ஒரு பாட்டு. நான் ஒரு மீனா இருக்கக்கூடாதா, உன் கண்ணாடித் தொட்டியில மூக்கை உரசிக்கிட்டு, எல்லா இடத்துலயும் காதல் குமிழியா விட்டுக்கிட்டு, ராத்திரி பூரா தூங்காம உனக்குள்ள நனைஞ்சே கிடக்கணும்னு போகும். யோசிச்சுப் பாருங்க, டெஸ்பாசிட்டோவை விட ஒருபடி மேலதான் சொல்லிட்டாரு, ஆனா கேக்கறப்ப கூசல. ஏன்னா இங்க ஆம்பளை சின்ன மீனா சுருங்கிட்டு கெஞ்சறான், உரிமை கொண்டாடல. இந்தப் பாட்டு பச்சாத்தாங்கற கிட்டார் பாட்டு வகை, அதையே ஒரு காலத்துல அந்த ஊரு பெரிய மனுஷங்க சாராயக்கடைப் பாட்டுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, அதுக்கு மரியாதை வாங்கிக் குடுத்ததுல கெர்ராவுக்குப் பெரிய பங்கு.

அதே ஆல்பத்துலயே, நான் பாக்கறேன் நீ பாக்க மாட்டேங்கற, எனக்கு பிலிருபின் (மஞ்சள் காமாலையில ரத்தத்துல கூடுற சத்து) ஏறுதுன்னு இன்னொண்ணு இருக்கு! ஆஸ்பிரின் போட்டாலும் போகாதாம், பென்சிலின் கலந்து டிரிப்ஸ் ஏத்துனாலும் போகாதாம். காதலை ஈரல் நோயாக்குன மனுஷனை என்னன்னு சொல்றது.

அந்த வாசகர் மறுபடி எழுதுனா இந்த ரெண்டையும் கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க. பிலிருபின் பாட்டு மெரெங்கேங்கற வேகமான ஆட்டப் பாட்டு வகை, எழுந்து ஆடவும் செய்யலாம்.

இப்படிக்கு,
கிள்ளான் வாசகி